இரண்டு கம்புகளுக்கு நடுவே

விருதுநகர் மாவட்டத்துச் சைக்கிள்காரர்களுக்கு வாய்த்தது வெயிலும் கரிசல் சமவெளியும்தான். சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு மிதித்தால், ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பாலம் வந்தால் உண்டு. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலை நிற்கிறது. ஆனால் அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. பந்தயப் பேச்சுக்கே இடமில்லை. 'டவுன்ஹில்' எனப்படும் மலையிறக்கப் பந்தயத்தை நேரில் பார்க்க நினைத்தவர்களுக்குச் செங்கோட்டை தாண்டிப் பொன்முடிதான் கிட்டத்தில் வாய்த்தது. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. இந்தியா அதை நடத்தியது அதுவே முதல் முறை.

நம் சைக்கிள் சங்கத்தின் விழா மலரில் வீரர்களைப் புகழ்வது வழக்கம். அதைப் பிறர் செய்வார்கள். எனக்குப் பாதையோரத்து ரிப்பன் மேல்தான் கண்.

1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களில் 'ரீபேக்' பந்தயத்தைத் தொடங்கியபோது ரிப்பன் தேவைப்படவில்லை. தீயணைப்பு வண்டிக்காக வெட்டிய மண்பாதை அது. விலகினால் தண்டனை அங்கேயே கிடைத்துவிடும். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் மலைச் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப். 1993-ல் டவுன்ஹில் உலகக் கோப்பை. ஆனால் மரங்களுக்கிடையே வளைந்து போகும் பாதையில் குறுக்குவழி தேடுவது மனித சுபாவம். அதைத் தடுக்கத்தான் கம்பும் ரிப்பனும்.

சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதிப்படி அந்தக் கம்பு உலோகமாக இருக்கக் கூடாது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் பி.வி.சி. குழாய் போன்றது நல்லது. வேகமாக வருபவன் நெஞ்சு அதில் மோதினால் வளைய வேண்டியது கம்புதான், விலா எலும்பு அல்ல.

விதியின் உயிர் இன்னொரு வரியில் இருக்கிறது. பாதையை விட்டு விலகியவர், எந்த இரு கம்புகளுக்கிடையே வெளியேறினாரோ அதே இடைவெளி வழியாகத்தான் திரும்ப நுழைய வேண்டும். நினைத்துப் பாருங்கள்: ஒருவர் வளைவில் சறுக்கி, ரிப்பனை அறுத்துக்கொண்டு புதருக்குள் விழுகிறார். எழுந்தால் பாதை பத்தடி கீழே கூப்பிடுகிறது. அவரோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சரிவில் மேலேற வேண்டும். கடிகாரம் நிற்காது, அதுவோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வைக்கும். இடறி விழுந்தவரை இப்படி மேலும் வதைப்பது கொடுமை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'வேண்டுமென்று விலகினாரா, தவறி விழுந்தாரா' என்று மனதைத் துருவும் வேலையே நடுவருக்கு இல்லை. கம்பை மட்டும் பார்த்தால் போதும். பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டே பழகிய நம்மவர்களுக்கு இந்த நியாயம் சட்டென்று பிடிபடும். அங்கேயும் அளவுநாடா யாருடைய நோக்கத்தையும் கேட்பதில்லை.

ஆனால் விதிக்குக் கண் வேண்டும். பாதையோரக் கொடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். பயிற்சியில் யாராவது விழுந்து கிடந்தால் மஞ்சள் கொடி. சிவப்பு காட்டினால் வருபவர் நின்றே ஆக வேண்டும். வளைவுக்கு ஓர் ஆள் குறைந்தாலும் கம்பு வெறும் கம்புதான்.

மலை இல்லாத நம் சங்கத்தில் ஆள் பஞ்சம் இல்லை. தெற்கே அடுத்து எங்கே போட்டி நடந்தாலும், கொடி பிடிக்க நம் பெயர்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பேருந்துச் செலவு அவரவருடையது.