குடலிறக்க அறுவைச் சிகிச்சையில் நரம்புத் தடுப்பு

குடலிறக்க அறுவைச் சிகிச்சையில் நரம்புத் தடுப்பு என்பது, கவட்டுப் பகுதிக்கு உணர்ச்சி தரும் நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்தை ஊசியால் செலுத்தி, அறுவையின்போதும் அதற்குப் பிந்தைய முதல் சில மணி நேரங்களிலும் வலியைத் தணிக்கும் முறையாகும். நோயாளியை உறங்கவைக்கும் பொது மயக்கத்திலிருந்தும், இடுப்புக்குக் கீழே உடலை மரத்துப்போகச் செய்யும் முதுகுத்தண்டு மயக்க ஊசியிலிருந்தும் இது வேறுபட்டது எனினும், நடைமுறையில் அவ்விரண்டில் ஒன்றுக்குத் துணையாகவே பெரும்பாலும் தரப்படுகிறது. தமிழ்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளில் கவட்டுக் குடலிறக்கத்துக்கு முதுகில் போடும் ஊசியே வழக்கமாக இருந்து வருவதால், அந்த மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்த பிறகு தொடங்கும் வலிக்கு மாற்று தேடும் இடத்தில்தான் நரம்புத் தடுப்பு பேசப்படுகிறது.

நோயும் வட்டாரமும்

வயிற்றுச் சுவரின் வலுக்குறைந்த இடத்தின் வழியே குடலோ கொழுப்போ பிதுங்கி வெளியே தள்ளுவது குடலிறக்கம். மக்கள் வழக்கில் இது ஹெர்னியா என்றே பெரிதும் குறிக்கப்படுகிறது. ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் தம் வாழ்நாளில் கவட்டுக் குடலிறக்கத்துக்கு ஆளாகின்றனர் என்றும், பெண்களில் இது 3 முதல் 6 விழுக்காடு என்றும் 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கணக்கிடுகிறது.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் உடலுழைப்பு மிகுந்த தொழில்கள் நெடுங்காலமாக நிலைத்துள்ளன: ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் மூட்டை தூக்கும் வேலை, பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் கூடங்கள், கையால் செய்யப்படும் பூட்டுகளின் பட்டறைகள், ஒருகாலத்தில் ஸ்பென்சர் நிறுவனத்தின் பெயரோடு கடல் கடந்து சென்ற சுருட்டுகளுக்குரிய புகையிலை வேளாண்மை ஆகியன அவற்றுள் சில. பளு தூக்குவதாலேயே குடல் இறங்குகிறது என்ற நம்பிக்கை இத்தொழில்களில் ஈடுபட்டோரிடையே ஆழமாக உள்ளது. ஆயினும் ஆய்வுகள் இதை ஒருமுகமாக ஆதரிக்கவில்லை. குடும்பவழி, முதுமை, இணைப்புத் திசுவின் பலவீனம் ஆகியவை உறுதியான காரணிகளாகவும், பளுவும் நாள்பட்ட இருமலும் வயிற்றினுள் அழுத்தத்தைக் கூட்டி ஏற்கெனவே உள்ள குறையை வெளிப்படுத்தக் கூடியவையாகவும் கருதப்படுகின்றன. காரணம் எதுவாயினும், அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு அறுவைக்குப் பின் எத்தனை விரைவில் எழுந்து நடக்க முடியும் என்பது பொருளாதாரக் கேள்வியும் ஆகும்.

நரம்புகளின் போக்கு

கவட்டுப் பகுதியின் உணர்ச்சியில் மூன்று நரம்புகளுக்கு முதன்மைப் பங்குண்டு. இலியோஹைப்போகாஸ்ட்ரிக், இலியோஇங்குவினல் என்னும் இரண்டும் பெரும்பாலும் முதலாம் இடுப்புத் தண்டுவட நரம்பிலிருந்து கிளைத்து, வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே முன்னோக்கி வருகின்றன. இடுப்பெலும்பின் முன்முனை அருகே, உள்சாய்வுத் தசைக்கும் அதற்கு அடியிலுள்ள குறுக்குத் தசைக்கும் நடுவே அவற்றைப் பிடிப்பது எளிது. முதல் இரண்டு இடுப்பு நரம்புகளிலிருந்து வரும் ஜெனிட்டோஃபெமோரல் என்னும் மூன்றாவது நரம்பின் ஒரு கிளை விந்துக்குழல் கொத்தோடு சேர்ந்து கவட்டுக் கால்வாயினுள் செல்கிறது. முதல் இரண்டை மரக்கச் செய்தாலும் குடலிறக்கப் பையை அறுவை மருத்துவர் இழுக்கும்போது நோயாளி முகம் சுளிப்பதற்கு, இந்த மூன்றாவது நரம்பும் வயிற்று உட்சவ்வின் தனி உணர்ச்சியும் காரணங்களாகும்.

தொடக்கக் காலம்: 1884–1905

வட்டார மரப்பின் வரலாறு கோகா இலையிலிருந்து பெறப்பட்ட கோகெயினில் தொடங்குகிறது. வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், அம்மருந்தின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டறிந்தார். ஹைடல்பெர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் 1884 செப்டம்பரில் இது அறிவிக்கப்பட்டது. பயணச் செலவுக்கு வழியில்லாத கோலருக்குப் பதிலாக நண்பரொருவர் அங்கே அவருடைய கட்டுரையை வாசித்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

செய்தி நியூயார்க்கை எட்டிய சில வாரங்களில், வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்டு ஹால் ஆகிய இரு அறுவை மருத்துவர்களும் அவர்களுடைய தோழர்களும் கோகெயினைக் கண்ணில் விடுவதோடு நில்லாமல் நரம்பின் அருகிலேயே செலுத்திப் பார்க்கத் தொடங்கினர். ஒரு நரம்பின் அடியில் சிறிதளவு மருந்து செலுத்தினால் அந்நரம்பு பரவியுள்ள இடம் முழுவதும் மரக்கும் என்பதே நரம்புத் தடுப்பின் மூலக் கருத்து. அது இந்தச் சோதனைகளில் உறுதியானது. சோதனைகளைத் தம் உடல்களிலேயே செய்துகொண்ட அவர்களில் ஹால்ஸ்டெட்டும் ஹாலும் கோகெயினுக்கு அடிமையாயினர். ஹால்ஸ்டெட் 1885இல் வெளியிட்ட கட்டுரையின் வாக்கியங்கள் முடிவின்றித் தடுமாறிச் செல்வதைப் பிற்கால வாசகர்கள் அப்பழக்கத்தின் சுவடாகவே வாசித்துள்ளனர். அவரே பின்னர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைத் துறையை நிறுவி, 1889இல் கவட்டுக் குடலிறக்கத்தைத் தைத்துச் சரிசெய்யும் முறையொன்றையும் வெளியிட்டார். இத்தாலியின் எடுவார்டோ பஸ்ஸினி ஏறத்தாழ அதே காலத்தில் இதற்கு நிகரான முறையை வகுத்தார். முந்தியவர் யார் என்பதில் பழைய நூல்கள் ஒன்றுபடவில்லை என்றாலும், இன்றைய நூல்கள் பஸ்ஸினிக்கே முதலிடம் தருகின்றன.

நரம்புத் தடுப்பும் குடலிறக்கமும் ஒன்றுசேர்ந்த இடம் ஹால்ஸ்டெட்டின் துறையே, சேர்த்தவர் அவருடைய உதவியாளர் ஹார்வி குஷிங். குடல் சிக்கிக்கொண்டு அழுகும் நிலையில் கொண்டுவரப்பட்ட முதியவர்களுக்கும் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் ஈதர் மயக்கம் உயிருக்கே ஆபத்தாக இருந்ததால், குஷிங் அவர்களை விழிப்பு நிலையிலேயே அறுக்க வழி தேடினார். 1900இல் அவர் வெளியிட்ட கட்டுரை கவட்டுப் பகுதியின் நரம்புகள் எங்கே தோன்றி, எந்த அடுக்கில் சென்று, எங்கே வெட்டுக்கு எதிர்ப்படுகின்றன என்பதை விவரித்து, ஒவ்வொன்றையும் அது வெளிப்படும் இடத்திலேயே கோகெயினால் மரக்கச் செய்யும் ஒழுங்கைத் தருகிறது. தம் துறைத் தலைவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நரம்புத் தடுப்பைச் செய்திருந்ததைக் குஷிங் அப்போது அறிந்திருக்கவில்லை என்று கூறப்படுகிறது. ஒரே மருத்துவமனையில் பணியாற்றிய இருவரிடையே இது எப்படி நேர்ந்தது என்பதற்கு, ஹால்ஸ்டெட் தம் பழக்கத்தை மறைக்க அந்த நாட்களைப் பற்றிப் பேசாமலிருந்தார் என்ற விளக்கம் தரப்படுகிறது.

இதே காலத்தில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் 1898 ஆகஸ்டில் தண்டுவட நீரினுள் கோகெயினைச் செலுத்தி முதுகுத்தண்டு மயக்கத்தைத் தொடங்கிவைத்தார். கோகெயினின் நஞ்சுத்தன்மைக்குத் தீர்வாக ஆல்பிரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெயினை 1905இல் ஹைன்ரிக் பிரவுன் மருத்துவ வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மருந்தோடு சிறிதளவு அட்ரினலினைக் கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி மரப்பு நீடிக்கும் என்பதைக் காட்டியவரும் பிரவுனே.

தமிழ்நாட்டில்

திண்டுக்கல்லில் மேலை மருத்துவம் அமெரிக்க மதுரை மிஷன் வழியாக வேரூன்றியது. யாழ்ப்பாணத்து மிஷனரிகளால் 1834இல் தொடங்கப்பட்ட இம்மிஷனைச் சேர்ந்த எட்வர்டு செஸ்டர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திண்டுக்கல்லில் மருந்தகம் நடத்தினார். மூல மிஷனில், யாழ்ப்பாணம் மானிப்பாயில், சாமுவேல் பிஸ்க் கிறீன் அறுவை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய மொழிபெயர்ப்புகளை அச்சிட்டார். இவை கோகெயின் காலத்துக்கு முந்தியவை.

இவ்வட்டாரத்தின் கடினமான அறுவைகள் மதுரைக்கே அனுப்பப்பட்டு வந்தன. அங்கே மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. காந்திகிராமத்தில் டி. எஸ். சௌந்தரம் நிறுவிய கஸ்தூரிபா மருத்துவமனையும், ஒட்டன்சத்திரத்தில் ஏ. கே. தரியன் முதலானோர் 1955இல் தொடங்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையும் கிராமப்புற நோயாளிகளுக்கு மருத்துவத்தை அருகில் கொண்டுவந்தன. திண்டுக்கல் 1985இல் தனி மாவட்டமானது.

இடைக்காலம்

மரப்பு மருந்துகளுள் லிடோகெயின் 1943இல் சுவீடனிலும், பல மணி நேரம் நீடிக்கும் பூபிவகெயின் 1957இலும் உருவாயின. கனடாவின் ஷோல்டைஸ் மருத்துவமனையும், 1980களில் வலை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பிய அமெரிக்கரான இர்விங் லிக்டென்ஸ்டைனும் வெட்டும் இடத்தைச் சுற்றியே மருந்து செலுத்தி அறுத்தனர்.

அல்ட்ராசவுண்ட் காலம்

பழைய முறையில் மருத்துவர் எலும்பு முனையை விரலால் தொட்டு, ஊசி தசையுறையைக் கடக்கும்போது கையில் உணரும் சிறு ‘டப்’ என்ற அதிர்வை நம்பியே மருந்தைச் செலுத்தினார். 2001இல் ஏ. என். ரஃபி வயிற்றுக் குறுக்குத் தசைத் தளத் தடுப்பை விவரித்தார்; அதற்கு அவர் தேர்ந்த நுழைவாயில், இடுப்பின் பின்புறத்தில் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான்-லூயி பெத்தி பெயரால் வழங்கும் முக்கோணம். அங்கே வெளிப்படும் அரிய குடலிறக்கமொன்றை விவரித்தமையால் அவ்விடத்துக்கு அவர் பெயர் வந்தது. குடலிறக்கம் வெளிவரும் ஓட்டையே குடலிறக்க வலியைப் போக்கும் வழியாயிற்று. 2007இல் ஹெப்பார்டு முதலானோர் இதை அல்ட்ராசவுண்டின் துணையோடு செய்யும் முறையை வெளியிட்டனர். குழந்தைகளில் நரம்பைத் திரையில் பார்த்தே மருந்து செலுத்தியபோது, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிலிட்டருக்குப் பதிலாகச் சராசரியாக 0.19 மில்லிலிட்டர் போதுமானதாக இருந்ததை 2005இல் வில்ஷ்கே குழுவினர் காட்டினர். முதுகுப்புறச் சதைத் தளங்களில் செலுத்தும் குவாட்ராட்டஸ் லம்போரம், இரெக்டர் ஸ்பைனே தடுப்புகள் முறையே 2007இலும் 2016இலும் அறிமுகமாயின.

நன்மையும் இடர்களும்

பூபிவகெயின் போன்ற மருந்தால் கிடைக்கும் நிவாரணம் பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் நீடிக்கிறது. முதல் இரவைக் குறைந்த மாத்திரையோடு கழிக்கவும், இருமும்போதும் எழும்போதும் வெட்டுக்காயத்தைத் தாங்கிக்கொள்ளவும் இது உதவுகிறது. தண்டுவட ஊசியைத் தவிர்த்து வட்டார மரப்பிலேயே அறுக்கும்போது, முதியவர்களுக்கு நேரும் சிறுநீர் அடைப்பும் குறைகிறது. இடர்களுள் குறிப்பிடத்தக்கது, மருந்து பின்னோக்கிக் கசிந்து தொடை நரம்பையும் மரக்கச் செய்வதாகும். அப்போது முழங்கால் மடங்கி நோயாளி விழக்கூடுமாதலால், கால் வலுவைச் சோதித்த பிறகே எழுப்ப வேண்டும். குடலைக் குத்திவிடுவதும், மருந்து இரத்தக் குழாயினுள் சென்று வலிப்பையோ இதய நிறுத்தத்தையோ உண்டாக்குவதும் அரியவை. பின்னதற்கு, 1998இல் கை வைன்பெர்க் விலங்குகளில் சோதித்துக் காட்டிய கொழுப்புக் குழம்பு இன்று முதன்மை மாற்று மருந்து.

கருத்து வேறுபாடுகள்

இலியோஇங்குவினல் தடுப்பா, குறுக்குத் தசைத் தளத் தடுப்பா, காயத்திலேயே மருந்தை ஊற்றுவதா, எது மேல் என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் மாறுபடுகின்றன. தடுப்பு நாள்பட்ட கவட்டு வலியைக் குறைக்குமா என்பதும் முடிவாகவில்லை; அறுவை செய்துகொண்டோரில் 10 முதல் 12 விழுக்காட்டினர் மூன்று மாதங்களுக்கு மேல் அன்றாட வேலையைப் பாதிக்கும் வலியை அனுபவிப்பதாக மதிப்பிடப்படுகிறது. முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் முதுகுவலி வரும் என்ற பரவலான அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை என்றாலும், அந்த அச்சம் நோயாளிகளின் தேர்வில் பங்கு வகிக்கிறது.

அண்மைக்காலம்

தமிழ்நாட்டின் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாகத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. எந்தத் தடுப்பு சிறந்தது என்பது இன்றும் திறந்த கேள்வி. ஆனால் கவட்டைத் திறந்து செய்யும் ஒவ்வொரு குடலிறக்க அறுவையிலும் ஏதேனும் ஒருவகை வட்டார மரப்பு இடம்பெற வேண்டும் என்பதே 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதலின் பரிந்துரை.