தோரோன்

தோரோன் என்பது மேற்கு ஆப்பிரிக்க மண் கட்டடங்களின் சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும் மரக்கழிகள். கட்டி முடித்ததும் அவிழ்த்துவிடும் சாரம் அன்று இது. சுவரோடு சேர்த்தே புதைக்கப்பட்டு என்றும் நிற்பது. மாலி, நைஜர், புர்க்கினா ஃபாசோ, கானாவின் வடபகுதி ஆகிய இடங்களில் காணப்படுகிறது. மாலியில் இதற்குப் பெரிதும் பயன்படுவது ஆப்பிரிக்கப் பனை. நம் நாட்டுப் பனையின் நேர் உறவான இம்மரத்தின் வைரம் பாய்ந்த கட்டையைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை.

தோரோனின் தோற்றம் தெளிவாக இல்லை. மாலியிலுள்ள ஜென்னே நகரின் முதல் பள்ளிவாசலை 13ஆம் நூற்றாண்டில் மன்னர் கோய் கொன்போரோ எழுப்பியதாக மரபு கூறும். 1828-இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயே, கவனிப்பாரற்ற அப்பள்ளியில் ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் குடியிருந்ததை எழுதிவைத்தார். பின்னர் அது மழையில் கரைந்தது. ஆட்சியாளர் செக்கு அமாது நீர்த்தாரைகளை அடைக்கச் செய்ததே காரணம் என்பர்.

இன்றுள்ள பெரிய பள்ளிவாசல் 1907-இல் நிறைவுற்றது. கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரே பணியை நடத்தினார். வடிவமைப்பில் பிரெஞ்சு நிர்வாகத்தின் கை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய இடிபாட்டை முன்பே பார்த்திருந்த எழுத்தாளர் ஃபெலிக்ஸ் துய்புவா, 1910-இல் புதிய கட்டடத்தைக் கண்டு முகம் சுளித்தார். அதைப் பிரெஞ்சுக்காரர் வேலை என்றார். பிற்கால ஆய்வாளர் சிலர் அதை உள்ளூர்க் கொத்தனார்களின் படைப்பாகவே கொள்கின்றனர். கிழக்குச் சுவரில் மூன்று கோபுரங்கள்; அவற்றின் உச்சிகளில் தீக்கோழி முட்டைகள். சுவரெங்கும் கொத்துக் கொத்தாகத் தோரோன் துருத்தி நிற்கும்.

அதன் பயனை ஆண்டுதோறும் நடக்கும் மண்பூச்சில் காணலாம். ஆற்றுமண்ணோடு உமி சேர்த்து நாள்கணக்கில் ஊறப்போடுவர். பூச்சு நாளில் இளைஞர்கள் கூடைகளில் சேறு சுமந்து ஓட, பெண்கள் தண்ணீர் கொண்டுவருவர். கொத்தனார்கள் ஏணியிலிருந்து தோரோனுக்குத் தாவி, அதன்மேல் நின்றபடி வெறுங்கையால் சேற்றை அப்பித் தேய்ப்பர். வேறு சாரம் வேண்டியதில்லை. தோரோன் வெறும் அலங்காரம் என்பாரும், சுவர் வெடிக்காமல் காக்கிறது என்பாரும் உளர். இவ்விரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆயினும் மழைதோறும் கரையும் சுவருக்கு ஆண்டுதோறும் ஆள் ஏறியாக வேண்டும் என்பதே போதிய விளக்கமாகத் தோன்றுகிறது.

நைஜரின் அகடெஸ் பள்ளிவாசலில் 27 மீட்டர் உயர மண்கோபுரத்தின் நான்கு பக்கமும் இவ்வாறே கழிகள் நீண்டுள்ளன. அக்கோபுரம் 1844-இல் புதுப்பிக்கப்பட்டது. கானாவின் லரபங்கா, புர்க்கினா ஃபாசோவின் போபோ-தியுலாசோ பள்ளிகளிலும் உண்டு.

ஜென்னே 1988-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2009 நவம்பரில் பெருமழைக்குப் பின் பெரிய பள்ளியின் கோபுரம் ஒன்றின் மேற்பகுதி சரிந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. மாலியின் பாதுகாப்பு நிலை சீர்கெட்டதை அடுத்து, 2016-இல் நகரம் ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.