நாலு கதவு ஹெரால்டு

மோட்டார் கார்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்கு எப்போதும் எஞ்சின் மேல்தான் கண். எத்தனை குதிரைச் சக்தி, மணிக்கு எத்தனை மைல், எந்தப் பந்தயத்தில் ஜயித்தது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். காருக்குள்ளே போன மனிதர்கள் எதன் மேல் உட்கார்ந்தார்கள், எதைப் பிடித்துக் கொண்டார்கள் என்பதைப் பற்றி அவர்களுக்கு அக்கறை கிடையாது. கதை எழுதுகிற எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. கல்யாணமான பெண் ஊர் எல்லை வரையில் அழுததும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பிள்ளை பிறந்ததும் பின் ஸீட்டில் நடந்த சங்கதிகள் அல்லவா?

பழைய காரில் முதலில் அழிந்து போவதும் இந்த உட்புறம்தான். எஞ்சின் நின்று விட்டால் வண்டி ஓடாது. ஆகையால் யாராவது ஒரு மெக்கானிக் எதையாவது கடைந்து, எதையாவது ஒட்டவைத்து, ஓட்டிக் காட்டி விடுவார். ஸீட்டுத் துணி கிழிந்தால் வண்டி ஓடத்தான் செய்யும். ஒரு துண்டை விரித்துக் கொண்டால் போயிற்று. பிறகு ஒரு தீபாவளிக்கு முன்னால் கடையில் விட்டுப் புது ரெக்ஸின் போடுவார்கள். பழசு அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். தேய்ந்த பிஸ்டனை மேஜை மேல் அலங்காரமாக வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். கதவின் உள்பக்கத்து அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை.

மதுரையில் கோரிப்பாளையத்தில் என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பேட்டைக்கு நடுநாயகமாக இருப்பது தர்கா. கோர் என்ற பாரசீகச் சொல்லுக்குச் சமாதி என்று பொருள். ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். 1889-ல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் போட்ட பிறகு ஊர் மெல்ல மெல்ல வடகரைக்கு வந்தது. காலேஜ் வந்தது, பெரிய ஆஸ்பத்திரி வந்தது, அவற்றின் பின்னாலேயே டாக்டர்களும் வக்கீல்களும் புரொபஸர்களும் வந்தார்கள். மதுரையில் சொந்தக் கார் வைத்துக் கொள்ளக் கூடியவர்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான். சிநேகிதரின் தாத்தாவும் ஒரு டாக்டர். அவர் வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மூன்றாம் மார்க், இன்றைக்கும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பி விடும் வண்டி அது. கோரிப்பாளையத்துச் சந்துகளை அளந்து பார்த்துச் செய்தது போல் இருக்கும்.

நான் பார்த்தபோது அதன் உட்புறம் இருந்த கோலத்தைச் சொல்லி முடியாது. முன்னால் மாருதி வேனின் ஸீட்டுகள். பின் ஸீட்டில் சோபாவுக்குப் போடும் பூப்போட்ட துணி. டாஷ்போர்டை யாரோ ஒரு புண்ணியவான் அறுத்துக் காஸெட் பெட்டிக்கு ஓட்டை போட்டிருந்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகள் நாலில் இரண்டு அம்பாஸடருடையவை. சிநேகிதருக்கு இதையெல்லாம் பிடுங்கிவிட்டு, தாத்தா வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. அவருடைய மைத்துனர் பர்மிங்ஹாமில் உத்தியோகம் பார்க்கிறார். "எழுதினால் போதும், பார்ஸல் வந்துவிடும். எல்லாம் அசல் சாமான்!" என்றார் சிநேகிதர்.

வாஸ்தவம்தான். இங்கிலாந்தில் இந்த வண்டிக்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பெயர். அதையும் அதன் உடன்பிறப்புகளையும் வைத்திருப்பவர்கள் 1977-ல் ஒரு சங்கமே ஆரம்பித்து நடத்தி வருகிறார்கள். வாங்குவதற்கு ஆள் இருப்பதால் சின்னஞ்சிறு கிளிப்பு முதல் தரை விரிப்பு வரையில் அங்கே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அதைக் கொண்டு வந்து கோரிப்பாளையத்து வண்டியில் மாட்டினால், அது அசல் ஆகுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வண்டி பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கவன்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி என்று ஒன்று இருந்தது. அதற்கு வெளியிலிருந்து உடல் செய்து கொடுத்துக் கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற ஸ்தாபனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.ஸி. வாங்கி விட்டது. உடல் செய்ய ஆள் இல்லாமல் போன ஸ்டாண்டர்டுக்காரர்கள் ஒரு யுக்தி பண்ணினார்கள். எல்லாரும் சட்டமும் உடலும் ஒன்றாக வார்த்தது போன்ற வண்டிக்குப் போய்க் கொண்டிருந்த காலத்தில், இவர்கள் தனிச் சட்டம் போட்டு, அதன் மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டு வைத்து முடுக்கினார்கள். துண்டுகளை வெவ்வேறு பட்டறைகளில் செய்து கொள்ளலாமே! இத்தாலியில் டூரின் நகரத்து மிக்கலாட்டி என்பவர் உருவம் வரைந்து கொடுத்தார். 1959-ல் ஹெரால்டு வெளியே வந்தது.

கையில்லாத குறைக்குச் செய்த இந்தக் காரியம் நம்முடைய ஊருக்கு ரொம்பவும் சௌகரியமாகப் போயிற்று. பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிப் பூட்டிக் கொள்வதற்கு இதைவிட ஏற்ற வண்டி ஏது? அதற்குள் இந்தியாவில் மோட்டார் வியாபாரத்தின் ஜாதகமே மாறியிருந்தது. 1953-ல் டாரிஃப் கமிஷன், இனிமேல் பூட்டி விற்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை, படிப்படியாக இங்கேயே செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்று சிபார்சு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிக் கொண்டன. மிஞ்சியவர்களில் சொந்தக் கார் செய்தவர்கள் மூன்றே பேர்: கல்கத்தா பக்கத்தில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம்முடைய சென்னையில் ஸ்டாண்டர்டு. 1948-ல் தொடங்கின இந்தச் சென்னைக் கம்பெனிக்கு வண்டலூர்ப் பக்கம் ஆலை. 1961-ல் ஹெரால்டு அங்கே தயாராகத் தொடங்கியது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த சாமான்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, நாளடைவில் ஏறக்குறைய முழு வண்டியும் இந்நாட்டுச் சரக்காகி விட்டது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் 1963-ல் கார்களுக்கு ஸ்டாண்டர்டு என்ற பெயரையே கைவிட்டு விட்டார்கள். தாய் வீட்டில் அழிந்த பெயர் புக்ககத்தில் நிலைத்தது.

இரண்டு கதவு வண்டியில் முன் ஸீட்டை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவது எவ்வளவு பிரயாசை என்று கவன்ட்ரிக்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நம்மவர்களுக்குத் தெரியும். கூட்டுக் குடும்பத்துக்கு நாலு கதவு வேண்டும். 1968-ல் சென்னை ஆலை ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தது. இங்கிலாந்தின் ஹெரால்டுக்கு என்றைக்குமே இரண்டு கதவுதான்!

இப்போது சிநேகிதரின் பார்ஸலுக்கு வருவோம். பர்மிங்ஹாமிலிருந்து பட்டியல் வந்தது. முன் கதவுக்கு உரிய அட்டை பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது இரண்டு கதவு வண்டியின் நீளமான கதவுக்கு. பின் கதவு என்ற பேச்சே இல்லை. பளபளவென்று மரத்தில் செய்த டாஷ்போர்டு ஒன்று இருக்கிறது. சிநேகிதர் அதில் மயங்கியே போனார். 1961-ல் அங்கே 1,147 ஸி.ஸி. எஞ்சின் போட்டுப் புது மாடல் விட்டபோது கூடவே வந்த அலங்காரம் அது. அதற்கு முந்தின ஹெரால்டுக்கு அழுத்தின நார் அட்டையில் செய்த சாம்பல் நிறப் பலகைதான். சென்னை வண்டி கடைசி வரையில் 948 ஸி.ஸி. எஞ்சினோடு ஓடின வண்டி. மரப் பலகையை மாட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கும். தாத்தாவுக்கு மட்டும் அது யார் வண்டி என்று தெரியாது.

சட்டத்தைக் கேட்கலாம் என்றால், சட்டமும் எஞ்சின் கட்சிதான். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளுக்கென்று தனி விதி செய்தது. ஐம்பது வயது கடந்து, அசல் நிலையில் பராமரிக்கப்படும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் கொடுக்கிறார்கள். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000. அசல் நிலை என்றால் என்ன? சட்டம், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் இருக்கக் கூடாது. ஸீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாருதி வேன் ஸீட்டோடேயே போய்ப் பதிவு செய்து கொண்டு வரலாம்.

ஆகவே தீர்ப்பு சொல்லும் பொறுப்பு கோரிப்பாளையத்திலேயே ஸீட்டு தைக்கும் ஒரு பாயிடம் வந்து சேர்ந்தது. எழுபது வயது இருக்கும். அவருடைய தகப்பனாரும் இதே தொழில்தான். குதிரை வண்டி மெத்தை தைத்துப் பழகியவராம். பாய் பட்டியலை வாங்கிப் பார்க்கவில்லை. பின் ஸீட்டைத் தூக்கி வெளியே போட்டு, கவிழ்த்து, கத்தியை எடுத்துக் கொண்டார்.

"தம்பி, இங்கிலாந்துல இருந்து வந்தா அசலாயிருமா? இது வண்டலூர்ல பொறந்த வண்டி. எங்க அத்தா சொல்லுவாக, பழைய துணியைக் கேட்காம புதுத் துணியை வெட்டாதேன்னு. கொஞ்சம் பொறுங்க, கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் அடுக்கடுக்காக மண்ணை எடுக்கிறார்களே, அது போலத்தான் இருந்தது அவர் வேலை. பூப்போட்ட துணிக்கு அடியில் பச்சை ரெக்ஸின். அதற்கு அடியில் கறுப்பு. அதற்கும் அடியில், இரும்புச் சட்டத்தைச் சுற்றி மடித்து அடித்த இடத்தில், ஒரு கையகலம் செங்காவி நிறத்தில் ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தது. தைத்தவர்கள் ஒவ்வொருவரும் சோம்பேறித்தனத்தால் அந்த மடிப்பைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். வெயில் படாததால் நிறம் மங்கவில்லை. தோலின் சுருக்கம் போல் அழுத்தின வரிகளும் தெளிவாக இருந்தன. சிநேகிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதே நிறம்தான். எனக்கு அஞ்சு வயசு. வெயில்லே தொடை ஒட்டிக்கும்" என்றார் அப்புறம்.

கதவு அட்டையில் இன்னொரு அதிசயம். இடது பின் கதவில் துணிக்கு அடியில் இருந்த ஹார்டு போர்டு பழையது. கீழ்ப்பக்கம் ஊறிப் புட்டுப் போல உதிர்ந்தது. மேல் பாதி உறுதியாக இருந்தது. அதைத் திருப்பினபோது பென்ஸிலால் 'இட. பின்' என்று தமிழில் எழுதியிருந்தது. ஆலையில் எழுதினதா, பின்னால் வந்த ஏதோ ஒரு தையல்காரர் எழுதினதா என்று பாய் சாதிக்கவில்லை. எனக்கு அது அவசியமாகவும் படவில்லை. இந்தக் கதவு இருந்த ஊர் ஒன்றே ஒன்று. அந்த ஊர் பேசின பாஷை அதன் முதுகில் இருக்கிறது. ஆலையோ 1972-ல் ஹெரால்டுக்குப் பதில் கேஸெல் செய்து, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய வண்டி செய்து, 1988-ல் கார் செய்வதையே நிறுத்திக் கொண்டது. பின் கதவுக்கு அட்டை வெட்டின அளவு இப்போது இருப்பது இந்த மாதிரி உளுத்த அட்டைகளில்தான். குப்பையில் போட்டால் அளவும் போயிற்று.

பாய் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதலில் அட்டையைத் தொடவே இல்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி மண்ணை எடுத்தார். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யுமாம். வடிய வழி இல்லாவிட்டால் தேங்கி, அட்டை கீழிருந்து ஊறுமாம். "அட்டை சாகல சார், ஓட்டை அடைச்சதுல செத்துச்சு" என்றார். பிறகு பழைய அட்டையைப் புதிய ஹார்டு போர்டின் மேல் வைத்து, உதிர்ந்த பாதிக்கு வலது கதவு அட்டையைத் திருப்பிப் போட்டு அளவு எடுத்தார். கிளிப்பு இறங்கும் துளைகள் ஒரு நூல் தவறினாலும் அட்டை விம்மிக் கொண்டு நிற்கும். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார். அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். அட்டை மேல் மெல்லிய ஸ்பாஞ்சு, அதன் மேல் ரெக்ஸின். கைப்பிடியை மாட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அடியிலுள்ள வில்லை அழுத்திப் பிடித்தால் ஒரு சின்ன ஊசித் துளை தெரியும். அதில் பின்னைச் செருகி விட வேண்டும். இந்தப் பின் கீழே விழுந்தால் அரை நாள் தேடல்.

செங்காவி ரெக்ஸின் எங்கே அகப்பட்டது என்று கேட்பீர்கள். சென்னையில் புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போனோம். பழைய வண்டிகளை எலும்பு வேறு தோல் வேறாகப் பிரித்து விற்கும் பேட்டை அது. அங்கேயும் உள்துணியை யாரும் வைப்பதில்லை. ஸ்டியரிங் நடுவில் வைக்கும் மூடியும் இரண்டு குமிழ்களும் கிடைத்தன. கடைசியில் மதுரையிலேயே பைகள் தைக்கும் ஒருவரிடம் பழைய ரோலின் மிச்சம் எட்டு கஜம் இருந்தது. வரி கொஞ்சம் வேறு. நிறம் ஒட்டி வந்தது. நார் அடைத்த முன் ஸீட்டுகளைப் பாயே கட்டினார். டாஷ்போர்டு ஓட்டையை அதே பலகையோடு ஒரு துண்டு வைத்து அடைத்தாயிற்று. இரண்டு முழம் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. கிட்டே போனால் தெரியும்.

பர்மிங்ஹாமிலிருந்து கிளிப்புகளும் பின்களும் மட்டும் வந்தன. அவை இரண்டு ஊருக்கும் பொது. உளுத்த பழைய அட்டையைப் பாய் ஒரு சாக்கில் சுற்றிக் கொட்டகைப் பரண் மேல் வைக்கச் சொல்லிவிட்டார். வண்டி கோரிப்பாளையத்தில் ஓடிக் கொண்டிருக்கிறது. கைப்பிடிகளில் ஒன்று சந்தையில் கிடைத்தது. வலது பின் கதவில் இருப்பது இன்னும் அம்பாஸடர் கைப்பிடிதான். புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறது.