காற்று வாங்கிய கதை

நம் ஊரில் காற்றைக்கூட ‘வாங்க’த்தான் வேண்டும். காசு கொடுக்காமல் வாங்கலாம் என்பதுதான் விசேஷம். மயிலாப்பூர்ப் பெரியவர்கள் சாயங்காலம் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன்” என்று சொல்லிக் கிளம்புவது வழக்கம்.

இந்த வியாபாரத்துக்குக் கடை கட்டிக் கொடுத்தவர் கிராண்ட் டஃப் துரை. 1881 முதல் 1886 வரை சென்னை கவர்னராக இருந்தவர். 1884-இல் கடலோரமாக உலாவுவதற்கு ஒரு பாதை போட்டு, சிஸிலித் தீவின் நினைவாக ‘மெரீனா’ என்று நாமகரணமும் செய்துவிட்டார். பரந்த மணலுக்கு மட்டும் துரையவர்கள் பொறுப்பல்ல. வடக்கே எழும்பிய துறைமுகச் சுவர் மணலின் பயணத்தைத் தடுத்தது. மணல் தெற்கே தங்கிப் பெருகியது.

அந்தக் காற்றில் என்ன மருந்து இருக்கிறதென்று அப்போது யாரும் கேட்கவில்லை. 1892-இல் லெனார்டு என்ற விஞ்ஞானி, அருவி பாறையில் விழுந்து சிதறும் இடத்துக் காற்றில் எதிர்மின்சாரம் ஏறுவதைப் பற்றி எழுதினார். மின்சாரம் ஏறிய அந்தத் துகள்களைத்தான் அயனி என்கிறார்கள். எதிர் அயனி உடம்புக்கு நல்லது, மனத்தைத் தெளிவாக்கும் என்ற பேச்சு பிறகு உலகமெல்லாம் பரவியது. கடற்கரைக்குப் போனால் ஏற்படும் உற்சாகத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று பெட்டியில் அடைத்து விற்கவும் செய்கிறார்கள்!

வேடிக்கை என்னவென்றால், லெனார்டு தண்ணீரில் உப்பைக் கரைத்தும் பார்த்திருக்கிறார். உப்பு சேர்ந்ததும் எதிர்மின்சாரம் குறைந்து, கடைசியில் நேர்மின்சாரமாகவே மாறிவிட்டது. குற்றாலத்துக்குச் சேர வேண்டிய பெருமையை நாம் மெரீனாவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெருமையும் அவ்வளவு கெட்டியானதல்ல. பல பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அயனியால் நிச்சயமான பலன் தெரியவில்லை என்றது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மட்டும், அயனி மிக அடர்த்தியாக இருந்தபோது, ஓரளவு குணம் தெரிந்ததாம்.

அயனியை விட்டுவிட்டால், கடற்கரையில் மிஞ்சுவது வெறும் காற்றுதான். ஒண்டுக்குடித்தனத்தில் பகலெல்லாம் வெந்தவனுக்கு அது சாமானியமா? வெயிலில் தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. மேல்காற்று பலமாக வீசும் வைகாசி நாட்களில் அது தாமதமாகும். சில நாள் வராமலே போய்விடும். வந்தாலும், முதலில் மயிலாப்பூருக்குத்தான். தியாகராய நகர் ஜன்னல்கள் இன்னும் சற்றுக் காத்திருக்க வேண்டும்.