பீச்ல டென்ட் போடணுமா? மன்னார் வளைகுடாவுக்கு ஒரு வீக் எண்ட் கைடு

ஒட்டன்சத்திரத்துல 'கேம்பிங் போலாமா'ன்னு கேட்டா, எல்லார் கையும் மலைப் பக்கம்தான் நீளும். பரப்பலாறு அணை தாண்டி பாச்சலூர் ரோடு, இல்லன்னா கொடைக்கானல். அதெல்லாம் பார்த்து அலுத்துப்போன கேங்குல யாராவது ஒருத்தர் கண்டிப்பா ஒரு ரீல்ஸை குரூப்ல போடுவாங்க. அலைக்குப் பக்கத்துல டென்ட், நடுவுல தீ, பின்னாடி சூரியன். அடுத்த மெசேஜ், 'தனுஷ்கோடி போறோம், டென்ட் எடுத்துக்கலாம்!'

கொஞ்சம் பொறுங்க மக்களே. அந்த ரீல்ஸ் பெரும்பாலும் கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல எடுத்தது. அங்கே கடலோரப் பூங்காவுல டென்ட் போடுறதுக்குன்னே நம்பர் போட்ட இடம் இருக்கும். தீ மூட்ட இரும்பு வளையம், டாய்லெட், தண்ணிக் குழாய் எல்லாம் இருக்கும். பல மாதம் முன்னாடியே புக் பண்ணணும். நம்ம ஊர்லயும் கடலுக்குன்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு. ஆனா, அது ராத்திரி தங்குறதுக்கான பூங்கா இல்லை. பகலில் பூங்கா, இரவில் கரை. இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா டிரிப் சூப்பரா அமையும். புரியாம போனா அபராதம், அதைவிட மோசமா உயிர் ஆபத்து வரைக்கும் போகும்.

அந்தப் பூங்கா எங்க இருக்கு?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள். இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து சுமார் 560 சதுர கி.மீ. பரப்பு. 1986-ம் ஆண்டு இது மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் இதைச் சுற்றிய 10,500 சதுர கி.மீ. பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது.

கூட்டமாகக் குடியிருக்கிற பவளப்பாறை, அதைச் சுற்றி கடல் புல்வெளி, அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடல் பசு. எல்லாம் தண்ணிக்கு அடியில் நடக்கிற வாழ்க்கை. ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவுகளின் மண் கரைய ஆரம்பித்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணிக்கு அடியில். அதனால்தான், அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்கக் கூடாது என்பதில் வனத்துறை கறாராக இருக்கிறது. 'கடல்ல போற ஒரு அண்ணன்கிட்ட காசு கொடுத்தா தீவுல இறக்கி விடுவார்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாட்டினா உங்களைவிட அந்த அண்ணனுக்குத்தான் நஷ்டம். அவர் பிழைப்பே அந்தப் படகுதான்.

தனுஷ்கோடியில ஏன் தங்க முடியாது?

1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடி ஊரையே கொண்டுபோனது. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயிலும் அலையில் மூழ்கியது. அதற்குப் பிறகு 'மனிதர் வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசு அறிவித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டதால் பகலில் வண்டியிலேயே போகலாம். சாயங்காலம் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. இரண்டும் சேரும் முனையில் நீரோட்டம் தாறுமாறாக இருக்கும். அங்கே குளிக்கத் தடை. முழங்கால் ஆழம்தானேன்னு இறங்கினவங்களையும் இழுத்துட்டுப் போற கடல் அது. இரண்டு, ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் இந்தக் கரைக்கு வந்துதான் மணலில் குழி தோண்டி முட்டை இடும். வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஆமைக் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கும். நீங்க மூட்டுற கேம்ப் ஃபயரும், மொபைல் டார்ச்சும் அதைக் கடலுக்குப் பதிலா ரோட்டுப் பக்கம் நடக்க வைக்கும்.

அப்போ டென்ட் எங்கதான் போடுறது?

பூங்கா எல்லைக்கு வெளியே, உரிமையாளர் சம்மதத்தோட, வேலி உள்ள இடத்துல. அவ்வளவுதான் ரூல். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, உச்சிப்புளியில் இருந்து வடக்கே திரும்பினால் அரியமான் பீச், பிரப்பன்வலசை. இது பாக் நீரிணைப் பக்கம். அலை குறைவு, ஆழமும் குறைவு. கயாக்கிங், ஸ்டாண்ட் அப் பேடிலிங் கத்துக்க நல்ல இடம். இந்தப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் தங்குமிடங்களில் 'டென்ட் போட இடம் இருக்கா, டாய்லெட் இருக்கா, தீ மூட்டலாமா' என்ற மூன்று கேள்விகளையும் போன்லயே கேட்டுடுங்க. இடம் கிடைக்கலன்னா ராமேஸ்வரத்தில் அரசின் தமிழ்நாடு ஹோட்டல் முதல் சாதாரண லாட்ஜ் வரை இருக்கு.

பொதுக் கடற்கரையில் படகு நிறுத்தி, வலை காயப்போடும் இடம் காலியாகத் தெரியும். ஆனா அது காலி இடம் இல்லை, மீனவர்களோட பட்டறை. விடியறதுக்கு முன்னாடியே அங்கே வேலை ஆரம்பிச்சிடும். நம்ம மார்க்கெட்ல லாரி லோடு ஏத்துற இடத்துல ஒருத்தர் வந்து டென்ட் போட்டா எப்படி இருக்கும்? அதேதான்.

எப்போ போகலாம்?

உள்ளூர்ல மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும், பாக் நீரிணையைப் பெண் கடல்னும் சொல்வாங்க. ஆனா, காத்து மாறினா குணமும் மாறும்.

* ஜனவரி முதல் மார்ச்: வெயிலும் காற்றும் அளவாக இருக்கும். முதல் தடவை போறவங்களுக்கு இதுதான் பெஸ்ட்.
* ஏப்ரல், மே: வெயில் மண்டையைப் பிளக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை கூடுதலா இருந்தா ஆச்சர்யப்படாதீங்க.
* ஜூன் முதல் செப்டம்பர்: தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் கொந்தளிக்கும். அரியமான் பக்கம் ஓரளவு அமைதி.
* அக்டோபர் முதல் டிசம்பர்: வாடைக் காற்று, மழை, புயல் சீசன். டென்ட் ஐடியாவை விட்டுடுங்க.

ரெண்டு நாள் பிளான்

ஒட்டன்சத்திரத்தில் இருந்து திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 270 கி.மீ. பஸ்ஸில் போனால் மதுரையில் மாறிக்கொள்ளலாம். மதுரையில் இருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலும் உண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போற அனுபவத்துக்காகவே ஒரு பக்கமாவது ரயில் எடுக்கலாம்.

முதல் நாள்: விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்குள் ராமநாதபுரம். அங்கேயே குடிதண்ணீர் கேன் வாங்கிடுங்க. வறண்ட மாவட்டம், கடலோர ஊர்கள்ல குடிக்கிற தண்ணிக்கே மக்கள் கஷ்டப்படுறாங்க. அவங்க குடத்துல கை வைக்காதீங்க. மதிய வெயில் தாழ்ந்த பிறகு அரியமானில் கயாக்கிங். இரவு அங்கேயே தங்கல்.

ரெண்டாம் நாள்: காலையில் பாம்பன், குந்துகால். 1897-ல் விவேகானந்தர் வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து இறங்கிய இடம் இது, நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. வனத்துறை சூழல் சுற்றுலாவாகப் படகில் அழைத்துப் போகும் தீவு. காற்று பலமாக இருந்தால் படகு எடுக்க மாட்டார்கள். அதனால் முந்தின நாளே விசாரிச்சுட்டுப் போங்க. பிறகு தனுஷ்கோடி, அரிச்சல்முனை. மதியத்துக்குள் முடித்தால் நள்ளிரவுக்கு முன் வீடு.

ராமேஸ்வரம் ஏற்கெனவே போயாச்சா? ரெண்டாம் நாளை மாத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே இருக்கும் காரங்காடு போங்க. அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியும் கயாக்கிங்கும் உண்டு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துவதால், நீங்க கொடுக்கிற காசு அந்த ஊருக்கே போகும்.

பையில் என்ன இருக்கணும்?

* மலையில் அடிக்கிற முளை மணலில் நிற்காது. ரெண்டு மூணு பழைய அரிசிச் சாக்கு எடுத்துட்டுப் போங்க. அதுல மணல் நிரப்பி, கயித்தைக் கட்டி, முழங்கை ஆழத்துல புதைச்சா காத்துக்கு அசையாது.
* ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிதண்ணீர்.
* தொப்பி, முழுக்கை டி-ஷர்ட், சன் ஸ்கிரீன், ஓ.ஆர்.எஸ் பாக்கெட்.
* குப்பைக்கு ஒரு கோணிப்பை. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவரணும். பிளாஸ்டிக் கவர் கடலுக்குப் போனா, ஆமை அதைச் சாப்பாடுன்னு நினைச்சு முழுங்கிடும்.
* பைக்ல போனா, வந்ததும் நல்ல தண்ணியில கழுவி செயினுக்கு ஆயில் போடுங்க. உப்புக்காத்து ரெண்டே நாள்ல துரு ஏத்திடும்.

தண்ணியில இறங்கும் முன்

மலையோரத்தில் வளர்ந்த நமக்குக் கிணத்து நீச்சல் தெரியும். கடல் வேற. உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினா கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீங்க, சீக்கிரம் களைச்சிடுவீங்க. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் கரைக்குத் திரும்புங்க. ஆழம் குறைந்த இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தா, மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போயிடும். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீங்க. கடல் தண்ணீராலேயே கழுவிட்டு ஆஸ்பத்திரி போங்க. கயாக்ல லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி செல்ஃபி வேண்டாம். குடிச்சிட்டு இறங்கவே வேண்டாம். அவசரத்துக்கு 112, கடலோரக் காவல்படை எண் 1554. ரெண்டையும் இப்பவே சேவ் பண்ணிக்கோங்க.

இன்னொன்னு. பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. 'கரையில கிடந்துச்சு, ஞாபகத்துக்கு எடுத்தேன்'னு சொன்னாலும் கேஸ்தான். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் தலைமுறை தலைமுறையா கடல்ல மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைச்ச அக்காக்களே, பூங்கா எல்லைக்குள்ள போகக் கூடாதுங்கிற கட்டுப்பாட்டோட வாழுறாங்க. ரெண்டு நாள் சுத்திப் பார்க்கப் போற நாம டென்ட்டைப் பத்தடி தள்ளிப் போடுறது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்லை.