கொல்லிப் பெயர்க் காசுகளும் தேய்மானத் தரமிடலும்

கொல்லிமலை இன்று வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு முதலிய பல நாடுகளாகப் பகுக்கப்பட்டு நாமக்கல் மாவட்டத்தில் அடங்குகிறது. வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரருக்கு அளித்த செய்தியை அகநானூறு கூறும். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் பெற்ற வெற்றியைக் குறிக்கும். இவ்விலக்கியச் செய்திகளுக்கு இணையான காசுச் சான்று மலைக்குத் தெற்கே, காவிரிக்கு அப்பால், கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்தது. தமிழ்பிராமி எழுத்தில் அரசர் பெயர் பொறித்த அக்காசுகளுள் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்பவற்றோடு ‘கொல்லிப்பொறை’, ‘கொல்லிரும்பொறை’ என்னும் பெயர்களும் படிக்கப்பட்டுள்ளன. ‘கொல்லிப்புறை’ என்றும் படிப்பதுண்டு.

இக்காசுகளை அறிவுலகுக்கு அளித்தவர்கள் பெரும்பாலும் அகழாய்வாளர்கள் அல்லர், சேகரிப்பாளர்களே. ‘தினமலர்’ ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசை அறிமுகப்படுத்தியது முதல், சங்ககாலக் காசுகளின் ஆய்வும் தனியார் சேகரிப்பும் பிரிக்க இயலாதவாறு பிணைந்துவிட்டன. ஆகவே சேகரிப்பாளர் ஒரு காசை எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பது அவருடைய சொந்த விருப்பம் என ஒதுக்கத்தக்கதன்று. எக்காசு பேணப்படும், எது சுரண்டித் துலக்கப்படும், எது மதிப்பில்லாததென உருக்கப்படும் என்பதை அம்மதிப்பீடே பல வேளைகளில் முடிவு செய்கிறது. அம்மதிப்பீட்டில் மிகுந்த கருத்து வேறுபாட்டுக்கு இடமான ஒரு புள்ளி, சிறிதே தேய்ந்த காசுக்கு என்ன தரம் அளிப்பது என்பதாகும்.

தரமிடலின் தோற்றம்

இன்று உலகெங்கும் வழங்கும் 70 புள்ளி அளவுகோல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் வெளியிட்டது. அது தொடக்கத்தில் தேய்மானத்தை அளக்கும் கருவியாக அமைக்கப்படவில்லை. 1793 முதல் 1814 வரையிலான அமெரிக்கச் செப்புச் செண்டுக் காசுகளுக்கு மட்டும் வகுத்த விலை விகிதம் அது. அடையாளம் காணும் அளவுக்கு மட்டும் எஞ்சிய காசின் விலை ஒன்று எனில், குறையற்ற காசின் விலை எழுபது என்பதே அதன் அடிப்படை. அந்த விலை விகிதம் விரைவிலேயே பொய்த்துப் போயிற்று; எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய தரமிடும் நிறுவனங்கள் தோன்றி, காசைக் கண்ணாடி போன்ற உறையில் இட்டு எண் எழுதிக் கொடுக்கத் தொடங்கியபின் அவ்வெண்களே விலையை ஆளலாயின.

இவ்வளவுகோலில் 60க்கு மேற்பட்டவை புழங்காத காசுகள். 50 முதல் 58 வரை ‘ஏறத்தாழப் புழங்காதவை’. 40, 45 ‘மிக நேர்த்தியானவை’. பூசல் மிகுவது 58க்கும் 60க்கும் இடையில்தான். புழக்கத்துக்கே வராமல் பையில் கிடந்து ஒன்றோடொன்று மோதி வடுப்பட்ட காசு 60 பெறும். சில நாள் கைமாறி, உருவத்தின் உயர்ந்த முகடுகளில் மட்டும் மெல்லிய தேய்வு கண்டு, மற்ற இடங்களில் மெருகு குன்றாத காசு 58 பெறும். பின்னதே அழகியது, அதற்கே கூடுதல் விலை தரலாம் என்பர் பல சேகரிப்பாளர்கள். புழங்கியது புழங்கியதே, எண் வரிசையைக் குலைக்கலாகாது என்பர் வேறு சிலர். மரப்பேழைத் தட்டில் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து உண்டான தேய்வைப் புழக்கத் தேய்வாகக் கொள்ளலாமா என்னும் கேள்வியிலும் ஒருமித்த கருத்து இல்லை. இவ்விரு தரப்பினரும் ஒரே காசைப் பார்த்தாலும் ஒரே பொருளைப் பேசவில்லை. முதல் தரப்பு காசின் தோற்றத்தையும் இரண்டாம் தரப்பு அதன் வரலாற்றையும் பேசுகின்றன.

தேய்மானமும் செலாவணியும்

காசு வழங்கிய காலத்தில் இக்கேள்வி வேறு வடிவில் இருந்தது. ‘வண்ணக்கன்’ என்னும் சொல்லுக்கு நாணயம் சோதிப்பவன் என்பது பொருள். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகிய புலவர் பெயர்களில் அத்தொழில் ஒட்டி நிற்கிறது. உரைகல்லும் துலாக்கோலும் கொண்டு சோதிப்பவனுக்கு மன்னன் மூக்கு மழுங்கியிருப்பது பொருட்டன்று. மாற்றும் எடையும் குறையாமல் இருந்தால் போதும். சோழர் கல்வெட்டுகளில் ‘மதுராந்தகன் மாடையோடு ஒக்கும் பொன்’ என்பது போன்ற தொடர்கள் வருவதும் அதனாலேயே. ‘அன்றாடு நற்காசு’ என்னும் வழக்கு, அந்நாளில் செல்லும் காசே நல்ல காசு என்னும் நடைமுறையைக் காட்டுகிறது.

பிற்காலத்தில் தேய்மானம் நேரடியாகக் கணக்கில் ஏறியது. வங்காளத்தில் சிக்கா ரூபாய் அடித்த ஆண்டில் முழு மதிப்புக்குச் செல்லும். அடுத்தடுத்த ஆண்டுகளில் உண்மையில் தேய்ந்ததோ இல்லையோ வட்டம் பிடிப்பர். காசில் உள்ள ஆட்சியாண்டே அதற்கு எதிரான சாட்சியாயிற்று. இதைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி, எந்த ஆண்டில் அடித்த காசாயினும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே பொறிக்கச் செய்தது. சராப்புகளின் கணக்கை முறியடிக்கக் காசே பொய் சொல்ல வேண்டியதாயிற்று! 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இக்குழப்பத்தை எடைக்குத் திருப்பியது. நிர்ணயித்த எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையாத ரூபாய் செல்லும் என்பது அதன் விதி. 11.66 கிராம் எடையுள்ள ரூபாயில் அது ஏறத்தாழ 0.23 கிராம். இவ்வாறு சட்டம் அனுமதித்த தேய்மானத்துக்குள் அடங்கி முழு மதிப்புடன் செலாவணியில் இருந்த ஒரு ரூபாய், இன்றைய சேகரிப்பாளர் தட்டில் 40க்கும் கீழான தரத்தில் விழக்கூடும்.

சேரர் காசுகளில் மூவகைக் குறைகள்

எந்திர அச்சில் வார்ப்பட ஒழுங்குடன் அடித்த காசுகளுக்கு வகுத்த அளவுகோலைச் சேரர் காசுக்குப் பொருத்தும்போதுதான் உண்மையான இடர் எழுகிறது. அமராவதிக் காசில் ஓர் எழுத்து மங்கியிருப்பதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். அச்சைவிட உலோக வில்லை சிறிதாயிருந்தோ, அடி வலுவாக விழாமலோ எழுத்து முதலிலேயே பதியாதிருக்கலாம். பதிந்த எழுத்து கைமாறித் தேய்ந்திருக்கலாம். தேயாத எழுத்தை ஆற்று நீரும் மணலும் பல நூற்றாண்டுகளாக அரித்திருக்கலாம். முதலாவது அக்கசாலையின் செய்தி. இரண்டாவது சந்தையின் செய்தி. மூன்றாவது ஆற்றின் செய்தி. மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கினால் ஒன்றும் தெரியாமல் போகும். என்.ஜி.சி. நிறுவனமே பழங்காசுகளுக்கு எண் தரத்தை விடுத்துச் சொல் தரம் அளித்து, அச்சுப் பதிவுக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறது. வணிகத் தேவைக்காகப் பிறந்த ஏற்பாடாயினும் இது ஆய்வாளர் பின்பற்றத்தக்கது.

இவ்வேறுபாடு எந்த அளவுக்கு இன்றியமையாதது என்பதைக் கொல்லிப் பெயரே காட்டுகிறது. ‘கொல்லிப்பொறை’ எனப் படித்தால் மலையின் பெயர் ஐயமின்றி நிற்கிறது. ‘கொல்லிரும்பொறை’ எனப் படித்தால் அவ்வுறுதி தளர்கிறது. கொல்லி என்பதோடு இரும்பொறை சேர்ந்தால் இலக்கணப்படி ‘கொல்லியிரும்பொறை’ என உடம்படுமெய் தோன்ற வேண்டும். ‘கொல்’ என்பதோடு இரும்பொறை சேர்ந்தாலோ தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து ‘கொல்லிரும்பொறை’ என்றே வரும். அப்போது அது கொல்லும் ஆற்றல் உடைய இரும்பொறை எனப் பொருள்பட்டு, மலையைச் சுட்டாமலே போகலாம். காசெழுத்தில் புணர்ச்சி விதி முழுவதும் பின்பற்றப்பட்டது என்பதற்கு உறுதியில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

இரு வாசிப்புகளும் பிரியும் இடம் ‘லி’ என்பதை அடுத்த எழுத்து. தமிழ்பிராமியில் பகரம் நீண்ட இடக்கோடும் வளைந்த அடியும் குறுகிய வலக்கோடும் உடையது. ‘ரு’ நெடுங்கோட்டின் அடியில் சிறு கோடு பெற்றது. பகரத்தின் குறுகிய வலக்கோடு மட்டும் மறைந்துவிட்டால் எஞ்சுவது ‘ரு’ போலத் தோன்றும். ‘பொ’, ‘பு’ குழப்பமும் இத்தகையதே: ஒகரக் குறி எழுத்தின் மேற்புறத்தும் உகரக் குறி அடிப்புறத்தும் நிற்பதால், காசின் எப்பக்கம் தேய்ந்தது என்பதே பாட வேறுபாட்டை உண்டாக்கிவிடும். கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டு இரும்பொறை மரபினரின் பெயர்களைத் தந்து இவ்வாசிப்புகளுக்குத் துணை நிற்பினும், காசில் ‘லி’யை அடுத்த எழுத்து எது என்பதை அது தீர்த்து வைக்காது. அதற்கு விடை காசின் மேற்பரப்பில் மட்டுமே உண்டு.

தேய்வு வேறு, வேண்டுமென்றே செய்த சிதைவு வேறு என்பதையும் சேர்த்துக் காண வேண்டும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் மிகப் பல, பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டவை. இன்றைய தரமிடலில் அவ்வெட்டு பெருங்குறை. ஆனால் அப்புதையல் வரலாற்றில் நினைக்கப்படுவதே அவ்வெட்டுக்காகத்தான்.

துலக்கலின் விலை

சேரர் காசுகளின் தேய்மானத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டாவதற்கு மற்றொரு காரணமும் உள்ளது. அகழாய்வில் கிடைக்கும் காசுக்கு மண்ணடுக்கும் உடன்கிடைத்த ஓடுகளும் காலச் சான்று தரும். ஆற்று மணலைச் சலித்து எடுத்து விற்கப்பட்ட காசுக்கு அவை எவையும் இல்லை. அது எவ்வளவு காலம் புழங்கியது, எவ்வெடையில் வழக்கொழிந்தது என்பவற்றுக்கு அதன் மேனியே எஞ்சிய ஆவணம். உயர்ந்த தரத்தை நாடும் சந்தை அழிப்பது அந்த மேனியைத்தான். புளியும் அமிலமும் இட்டுக் களிம்பை நீக்குவதும், ஊசிமுனையால் எழுத்தோரங்களைக் கீறித் தெளிவாக்குவதும் காசின் விலையை உயர்த்தலாம். களிம்பில் ஒரு பகுதி காசின் சொந்த உலோகம் மாறியதே ஆகையால், அதை நீக்கியபின் பெறும் எடை காசின் பழைய எடை ஆகாது.

எனவே இவ்வகைக் காசுகளை வெளியிடுவோர் தர எண்ணுக்கு மாறாகத் துலக்குவதற்கு முந்தைய எடையையும், சாய்ந்த ஒளியில் எடுத்த இருபுறப் படங்களையும், எழுத்தெழுத்தாகப் பதிவு, தேய்வு, அரிப்பு எது என்னும் குறிப்பையும் தருவது தேவையாகிறது. சேகரிப்பாளருக்கு இது புதிய சுமையன்று. முகட்டில் மெருகு குன்றிய காசை 58 என்றும் 55 என்றும் பிரித்தறியும் கண்ணுக்கு இது எளிது. சேர்த்துக் காட்டிய கீறல் ஒன்று ‘ப்’ என்பதன் வலக்கோடாக நிற்குமானால், அதை இழைத்தது பொறையனின் அக்கசாலையா, விற்பனையாளரின் ஊசியா என்பதைப் பின்னர் எந்த உருப்பெருக்கியும் ஐயமறக் காட்டுவது அரிது.