தேக்கம்பட்டி அம்மையார்

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியை வெளியூரார் அறிந்தது இரண்டால்: பவானிக் கரை வனபத்ரகாளி கோயில் ஒன்று, கோயில் யானைகளுக்கு அங்கே நடத்திய நலவாழ்வு முகாம் மற்றொன்று. கல்லுக்கும் களிற்றுக்கும் எளிதில் கிடைத்த புகழ், அந்த ஊர் மண்ணிலேயே வாழ்ந்து உழைத்த மூதாட்டிக்கு 2021-இல்தான் கிட்டியது. பத்மஸ்ரீ பாப்பம்மாளைச் சொல்கிறேன்.

விருது வந்தது; ஏடுகள் ஓடி வந்தன. உணவு என்ன, உடல்நலத்தின் மறைபொருள் என்ன என்று கேட்டன. நூறு கடந்த வயது வியப்பாயிற்று. அந்த வயதுக்குள் இருந்த வாழ்வு மறைந்து போயிற்று!

இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். சிறு மளிகைக் கடை நடத்தி, அதில் சேர்ந்த காசைக் கொண்டு நிலம் வாங்கினார். தோழர்களே, இந்த வரியை விரைந்து படித்துவிட வேண்டாம். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கியது 1929-இல். தமிழகத்தில் அது சட்டமானது 1989-இல். இடையே அறுபது ஆண்டுகள்! அந்நாட்களில் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலே களை வெட்டியது பெண். நாற்று நட்டது பெண். பட்டாவிலே பெயர் மட்டும் ஆணுடையது. என் பாட்டியும் வாழ்நாளெல்லாம் களை வெட்டினார். அந்த நிலத்தின் ஏடுகளில் அவர் பெயரின் முதலெழுத்துக்கூட இல்லை. பாப்பம்மாளோ, எவரும் தரும்வரை காத்திருக்காமல் வாங்கிக்கொண்டார்.

1959-இல் ஊராட்சி உறுப்பினரானார். பின்னர் காரமடை ஒன்றியக் குழுவிலும் அமர்ந்தார். பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடம் என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1992-இல் பிறந்தது. ஒதுக்கீடு என்ற சொல்லே ஊராட்சி மன்றத்தின் வாயிலை எட்டாத நாளில், வேட்டிகளுக்கு நடுவே ஒரு சேலை! இதை எந்த ஏடு கொட்டை எழுத்தில் போட்டது? 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கினார்களே, அந்தக் கொங்கு மரபின் தொடர்ச்சி இது என்பேன். 1965 மொழிப்போரிலும் அம்மையார் நின்றார்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் உழவர் விவாதக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டது. பட்டம் பெற்றவர்கள் பாட்டியிடம் பாடம் கேட்டார்கள். முதுமையில் எஞ்சிய இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்தார். 2024 செப்டம்பரில் தி.மு.க.வின் பெரியார் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதே மாதம் 27-ஆம் நாள் மறைந்தார்.

அவரைப் பற்றி வகுப்பில் சொன்ன அன்று, வீட்டு நிலத்தின் பட்டாவில் எவர் பெயர் உள்ளது என்று கேட்டு வருமாறு மாணவர்களை அனுப்பினேன். மறுநாள் அம்மாவின் பெயர் என்று உயர்ந்த கைகள் இரண்டு. ஒருத்தியின் தாய், கணவனை இழந்தவர். மற்றொருவனின் தாய், தையல் கூலியில் மூன்று சென்ட் வாங்கியவராம்.